வெயிலுக்குக் காற்றைக் குறைக்கலாமா?

வாசகர் கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு வாங்கிய சிறிய காரை நானே ஓட்டுகிறேன். ஏப்ரல் இறுதியில் ஐந்து பேராகச் சென்னைக்குப் புறப்பட்டோம். கிளம்பும் முன் காலையில் நான்கு டயரிலும் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. வைத்தேன். நண்பகலில் விக்கிரவாண்டி அருகே பெட்ரோல் பங்க்கில் பார்த்தபோது நான்கும் 38 காட்டின. என் மாமனார் பல ஆண்டுகள் அம்பாசடர் ஓட்டியவர். வெயிலில் காற்று கூடினால் டயர் வெடித்துவிடும், இறக்கிவிடு என்றார். 33-க்கு இறக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் என் தங்கை வீட்டிலிருந்த அளவுமானியால் பார்த்தால் நான்கும் 28 காட்டின. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் அப்படியே திருச்சிக்குத் திரும்பிவிட்டோம். காற்று கசிகிறதா? மைலேஜுக்கு 40 வைக்கும்படி என் தம்பி சொல்கிறான். கதவோரத்து ஸ்டிக்கரில் 33 என்றும், முழுச் சுமைக்குப் பின் டயரில் 36 என்றும் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரிலோ 51 என்று அச்சிட்டிருக்கிறார்கள். நைட்ரஜன் பிடித்தால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார் கடைக்காரர். இந்த மாதம் ஊட்டிக்குப் போக இருக்கிறோம். எதைப் பின்பற்றுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் டயர்களில் கசிவு இல்லை என்றே நினைக்கிறேன். ஆணி குத்தினாலும் வால்வு பழுதானாலும் ஒரு டயர்தான் இறங்கும்; நான்கு டயர்களும் ஒரே இரவில் ஒரே அளவு கசிவது நடைமுறையில் நிகழாத ஒன்று. நீங்கள் இழந்த 5 பி.எஸ்.ஐ. காற்று, விக்கிரவாண்டியில் நீங்களே திறந்துவிட்ட காற்றுதான். ஐந்து பேரின் சுமைக் கணக்கைப் பிறகு பார்ப்போம்; அதை ஒதுக்கிவிட்டால், அன்று 38 காட்டியபோது உங்கள் டயர்கள் இருக்க வேண்டிய நிலையில்தான் இருந்தன. 33 காட்டும்படி இறக்கிய நொடியிலிருந்துதான் அவை குறை காற்றில் ஓடத் தொடங்கின.

இது எப்படி என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். அடைபட்ட காற்று சூடானால் அதன் அழுத்தம் கூடும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். அளவுமானி காட்டும் 33 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள அளவு மட்டுமே, வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் டயருக்குள் இருந்த உண்மையான அழுத்தம் 47.7. புறப்பட்டபோது டயரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், அதாவது 273-ஐக் கூட்டினால் 303 கெல்வின் என்று கொள்வோம். நான்கு வழிச்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடிய டயருக்குள் 60 டிகிரி, அதாவது 333 கெல்வின் இருப்பது வியப்பல்ல. 47.7-ஐ 333-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 52.4 வரும், அதில் 14.7-ஐக் கழித்தால் 37.7. பங்க்கில் நீங்கள் பார்த்த 38 இதுதான். அங்கே 33-க்கு இறக்கிய டயர் இரவு முழுதும் ஆறி, மறுநாள் விடியலில் 28 டிகிரிக்கு வந்ததும் அளவுமானியில் 28-ஐ ஒட்டித்தான் காட்டும். தோராயமாகச் சொன்னால், வெப்பம் 6 டிகிரி மாறினால் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. மாறும்.

கார் நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்த ஏற்றத்தை அறியாதவர்கள் அல்லர். ஓட்டத்தில் நான்கு, ஐந்து, சில நேரம் ஆறு பி.எஸ்.ஐ. கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஸ்டிக்கரில் எண்ணை அச்சிடுகிறார்கள். அந்த எண் ஆறிய டயருக்கு உரியது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். அல்லது மெதுவாக ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. அந்த நிலையில் பார்ப்பதுதான் அளவு. ஓடிச் சூடான டயரில் ஸ்டிக்கரின் எண்ணைக் கொண்டுவர முயல்வது, காய்ச்சலில் இருப்பவரின் உடல் வெப்பத்தை வைத்து அவருடைய இயல்பான வெப்பத்தை முடிவு செய்வது போன்றது.

உங்கள் மாமனார் சொன்னதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அவர் காலத்து நைலான் டயர்களின் பக்கச் சுவர் தடித்தது. அவற்றுக்கு இன்றைய ரேடியல் டயர்களைவிடக் குறைந்த காற்றே வைத்தார்கள். கோடையில் டயர் வெடிப்பதை அவர் சாலையில் கண்ணாரக் கண்டிருப்பார். பார்த்தது உண்மை. ஆனால் அதற்கு அவர் கொண்ட காரணம்தான் தலைகீழாகிவிட்டது. நல்ல நிலையில் உள்ள கார் டயர் 38 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வெடிப்பதில்லை, அது தாங்கக்கூடிய அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. கத்திரி வெயிலில் வெடிக்கும் டயர்களில் மிகப் பல, காற்று குறைந்து ஓடியவை.

டயர் தரையைத் தொடும் இடத்தில் அதன் பக்கச் சுவர் பிதுங்கி வளைகிறது. அந்த இடம் மேலே சுழன்று போனதும் மீண்டும் நிமிர்கிறது. உங்கள் கார் போன்ற ஒரு காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் செல்லும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 13 முறை சுழல்கிறது. சென்னையிலிருந்து திருச்சி வரும் 330 கிலோமீட்டருக்குள் பக்கச் சுவரின் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் முறை வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சூடாவதைப் போல, ஒவ்வொரு வளைவிலும் ரப்பருக்குள் சிறிது வெப்பம் பிறக்கிறது. காற்று குறைந்தால் வளைவு ஆழமாகிறது, வெப்பம் கூடுகிறது, நண்பகல் தார்ச்சாலையின் 60 டிகிரி வெப்பம் அதை ஆறவிடாமல் தடுக்கிறது. ஒரு கட்டத்தில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூலடுக்குக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. வெயிலுக்காகக் காற்றைக் குறைப்பது, எந்த வெடிப்புக்கு அஞ்சினோமோ அதற்கே வழி செய்து கொடுப்பதாகும்.

சென்ற கோடையில் என் பணிமனைக்கு வந்த ஒரு காரின் பின் டயரை ரிம்மிலிருந்து கழற்றியபோது, உள்ளேயிருந்து காப்பித்தூள் போல ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் கொட்டியது. அது பக்கச் சுவரின் உட்புற ரப்பர். குறை காற்றில் நசுங்கி நசுங்கி அரைபட்டுத் தூளாகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயர் புதிது போலவே இருந்தது. அதன் உரிமையாளரும் வெயிலுக்காகக் காற்றைக் குறைத்து வைத்தவர்தான். இரண்டு குழந்தைகளை அந்தப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அவர் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

இந்த வெப்ப விஷயத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓட்டத்தில் டயரின் மேற்பட்டை கழன்று, வண்டிகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருந்தார்கள். டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களில்தான் விபத்துகள் அதிகம். டயரின் தயாரிப்புக் குறைகளோடு சேர்த்து விவாதிக்கப்பட்ட இன்னொன்று, அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற அளவு, டயர் நிறுவனம் 30 வைக்கும்படி கேட்டுக்கொண்டது. நான்கு பி.எஸ்.ஐ. வேறுபாடுதான், அதைப் பற்றித்தான் அத்தனை வாதம் நடந்தது. அதே ஆண்டில் அங்கே ஒரு புதிய சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமாயிற்று.

உங்கள் காரிலும் இருக்கும் அந்த விளக்கு எரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 33-இல் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் ஏறத்தாழ 25. அப்படி அமைந்த விளக்கு 28-க்கு எரியாது. மேலும் பல சிறிய கார்களில் டயருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவியே கிடையாது. ஒரு டயரில் காற்று குறைந்தால் அது மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும் என்பதை வைத்து, பிரேக்கில் உள்ள சுழற்சி உணரிகளின் துணையோடு வேறுபாட்டை ஊகிக்கிறார்கள். நான்கும் சேர்ந்து இறங்கினால் அத்தகைய கருவி எளிதில் கண்டுபிடிக்காது. ஆகவே அந்த விளக்கு, பஞ்சர் ஆகிவிட்டது என்று சொல்ல உதவும். அளவு சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. உங்கள் காரில் காற்று பிடித்த பின் அழுத்தும் மறுஅமைப்புப் பொத்தான் இருந்தால், நான்கு டயர்களிலும் ஆறிய நிலையில் சரியான அளவு வைத்த பிறகே அதை அழுத்துங்கள். குறைந்த அளவில் அழுத்தினால், அந்தக் குறைவையே சரியென்று அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் போயிருக்கிறீர்கள். உங்கள் ஸ்டிக்கரின் இரண்டாம் வரிசைப்படி பின் டயர்களில் 36 இருந்திருக்க வேண்டும். ஆகவே திரும்பும் வழியில் பின் டயர்கள் 5 அல்ல, 8 பி.எஸ்.ஐ. குறைவாக ஓடியிருக்கின்றன. ஒரே ஒரு பயணம் என்பதால் நான் பெரிதாக அச்சமூட்ட விரும்பவில்லை. ஆனாலும் ஊட்டிக்குப் புறப்படும் முன் பின் டயர்கள் இரண்டையும் பணிமனையில் தூக்கி, உட்பக்கச் சுவரையும் வெளிப்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வீக்கம், வெடிப்பு, வட்டமாக ஓடும் தேய்ந்த கோடு ஏதேனும் இருந்தால் டயரைக் கழற்றி உள்ளே பார்ப்பது நல்லது. எதுவும் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

பக்கச் சுவரில் உள்ள 51 என்பது அந்த டயர் ஆறிய நிலையில் ஏற்கக்கூடிய மேல்வரம்பு. அதே அளவு டயரை வெவ்வேறு எடையுள்ள பல கார்களில் பொருத்துகிறார்கள். டயர் செய்தவருக்கு உங்கள் காரின் எடை தெரியாது. கார் செய்தவருக்குத்தான் தெரியும். ஆகவே கதவோரத்து ஸ்டிக்கரே உங்களுக்கு விதி. சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும்.

உங்கள் தம்பி சொல்லும் 40-இல் ஓரளவு உண்மை உண்டு: காற்று கூடினால் டயர் சற்றே எளிதாக உருளும். ஆனால் குறைவை நிரப்புவதில் கிடைக்கும் மைலேஜ் வேறு, அளவை மீறுவதில் கிடைக்கும் மைலேஜ் வேறு. நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. அதாவது உங்கள் 28-ஐ 33 ஆக்கினால் ஒரு விழுக்காடு மிச்சம். அதற்கு மேல் ஏற்றுவதில் கிடைப்பது சில்லறை. அதற்கு ஈடாகக் கொடுப்பதோ பெரிது. சாலையில் உங்கள் காரைப் பிடித்துவைத்திருப்பவை உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகள்தாம். அளவுக்கு மேல் காற்று ஏறினால் டயரின் நடுப்பகுதி மட்டும் புடைத்துத் தரையைத் தொடும். அந்தத் துண்டுகள் சுருங்கும். மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். நடுப்பட்டை மட்டும் விரைவில் தேயும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்கும் உள்ளடுக்குக்கும் போகும்.

நைட்ரஜனைப் பொறுத்தவரை, நாம் இலவசமாகப் பிடிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். தூய நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை, ரப்பர் வழியாகக் கசிவதும் சற்று மெதுவாக நடக்கும். இவை உண்மையான நன்மைகள், ஆனால் சிறியவை. வெப்பத்தில் அதுவும் காற்றைப் போலத்தான் அழுத்தம் கூடும். நைட்ரஜன் இருந்தாலும் மாதம் ஒருமுறை பார்த்துத்தான் ஆக வேண்டும். குறைந்திருந்தால் சாதாரணக் காற்றைச் சேர்ப்பதில் தவறே இல்லை. அந்தப் பணத்துக்கு நான் உங்களுக்கு வாங்கச் சொல்வது சொந்தமாக ஓர் அளவுமானி. சில நூறு ரூபாயில் நல்லது கிடைக்கும். பங்க்குகளில் குழாய் தரையில் விழுந்து அடிபட்டு, கருவி ஓரிரண்டு பி.எஸ்.ஐ. கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணம். உங்கள் கருவி எப்போதும் ஒரே கருவி என்பதே அதன் பெரிய பலம்.

அதை வைத்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் வீட்டு வாசலிலேயே அளந்து எழுதிவையுங்கள். ஒரு டயர் 29 காட்டுகிறது, 33 வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை 4. அந்த 4 மட்டுமே நினைவில் இருக்கட்டும். பங்க் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்து, போவதற்குள் டயர் சற்றுச் சூடாகி அங்குள்ள கருவி 31 காட்டினால், காற்று பிடிக்கும் தம்பியிடம் 35 வைக்கச் சொல்லுங்கள். கருவியின் பிழையும் சூட்டின் ஏற்றமும் இரண்டு அளவிலும் ஒன்றாகவே இருப்பதால், கூட்ட வேண்டிய வேறுபாடு பெரும்பாலும் பிழையாகாது. மறுநாள் காலையில் உங்கள் கருவியால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணைச் சொல்லாமல் "காற்று பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குள் அமர்ந்திருக்காதீர்கள். பல இடங்களில் எல்லா வண்டிக்கும் 35 வைப்பது பழக்கமாகிவிட்டது. இறங்கி நின்று பாருங்கள். வால்வு மூடியைத் திரும்பப் போட்டார்களா என்றும் பாருங்கள், தூசி புகுந்து வால்வு கசிவதைத் தடுப்பது அதுதான்.

எழுதிவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல டயரிலிருந்தும் மாதத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே குறையும்; அது நான்கிலும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட மூன்று, நான்கு குறைந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. டியூப்லெஸ் டயரில் குத்திய ஆணி தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்காமல் இருக்கும். வால்விலும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி சொல்லிவிடும்.

பயணத்தின் நடுவில், டயர் சூடாக இருக்கும்போது பார்க்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: சூட்டில் ஸ்டிக்கர் அளவைவிட நான்கைந்து கூடுதலாகக் காட்டினால் கை வைக்க வேண்டாம். சூட்டிலேயே ஸ்டிக்கர் அளவுதான் காட்டுகிறது என்றால் அது குறைவு. ஸ்டிக்கர் அளவுக்கு மேல் நான்கு வரும்வரை நிரப்பி, மறுநாள் காலையில் சரிசெய்யுங்கள்.

இனி ஊட்டி. மலையேறினால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலரும், குளிர் என்பதால் கூட்ட வேண்டும் என்று சிலரும் உங்களிடம் சொல்லக்கூடும். இரண்டுக்கும் பின்னால் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிடச் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைவு. வெளியழுத்தம் குறைவதால் அளவுமானி அந்த 3-ஐக் கூடுதலாகக் காட்டும். மறுபுறம், மேட்டுப்பாளையத்தின் 25 டிகிரிக் காலையிலிருந்து ஊட்டியின் 12 டிகிரி விடியலுக்குப் போனால் குளிரால் 2 பி.எஸ்.ஐ. குறையும். ஒன்றை ஒன்று ஏறக்குறையச் சரிக்கட்டிவிடுகிறது. எனவே திருச்சியில் புறப்படும் அன்று காலையில் முன் டயர்களில் 33, பின் டயர்களில் 36 வைத்துவிட்டால் மலையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஊட்டியில் ஒன்றிரண்டு கூடுதலாகக் காட்டுகிறதே என்று இறக்கினால், கீழே இறங்கி மீண்டும் வெயிலில் நான்கு வழிச்சாலையைப் பிடிக்கும்போது அந்த அளவு குறைவோடுதான் ஓடுவீர்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் இஞ்சினின் பிடிப்பிலேயே வாருங்கள். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அதன் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும்.

ஸ்டெப்னியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பெரும்பாலோர் அதைப் பஞ்சரான அன்றுதான் பார்க்கிறார்கள். அன்று அதில் பதினைந்து பி.எஸ்.ஐ.தான் இருக்கும். உங்கள் காரில் இருப்பது மற்ற நான்கைப் போன்ற அதே அளவு டயர் என்றால், ஸ்டிக்கரின் உயர்ந்த அளவான 36-ஐ அதில் வைத்துவிடுங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதற்குரிய அளவு அதன் மீதே எழுதியிருக்கும். பலவற்றுக்கு அது 60 பி.எஸ்.ஐ. அத்தகைய டயரில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அடுத்த பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்ட வேண்டும். ஊட்டிக்குப் பெட்டிகளை அடுக்கும் முன்பே டிக்கியைத் திறந்து அதை அளந்துவிடுங்கள்.